உங்களுக்குத் தெரியுமா? வயலின் ஓரம் ஏழைக்கு!

கி.பி. 200 வாக்கில் சமய அறிஞர் ரபி யெகூதா ஹநாசி தொகுத்த யூதச் சட்டநூல் மிஷ்னா. அதன் முதல் பிரிவின் பெயர் ‘விதைகள்’. அதில் பெரும்பகுதி வேளாண்மைச் சட்டங்களே! அவற்றில் சில:

● அறுவடையில் வயலின் ஒரு மூலையை அறுக்காமல் ஏழைகளுக்கு விட வேண்டும். குறைந்தது 60-ல் ஒரு பங்கு.

● அந்த மூலையில் அரிவாளுக்கு அனுமதி இல்லை. நெரிசலில் ஒருவர் அரிவாள் இன்னொருவரை வெட்டிவிடக் கூடாதே! கையால்தான் பறிக்க வேண்டும்.

● அறுப்பவர் கையிலிருந்து நழுவும் ஒன்றிரண்டு கதிர்கள் ஏழைக்கு. மூன்று விழுந்தால் உரிமையாளருக்கு என்றது ஹில்லேல் என்ற அறிஞரின் மரபு. மூன்றும் ஏழைக்கே என்றது ஷம்மாய் என்ற அறிஞரின் மரபு.

● ஏழைகளின் பங்கான பேரீச்சம் பழத்தை உரிமையாளரே மரத்திலிருந்து இறக்கிப் பங்கிட்டுத் தர வேண்டும்.

● அறுத்து முடித்த இடத்தில் எறும்பு வளைக்குள் தானியம் இருந்தால்? மேலே கிடப்பது ஏழைக்கு, அடியில் கிடப்பது உரிமையாளருக்கு. முழுவதும் ஏழைக்கே என்றார் ரபி மேயிர். சந்தேகம் வந்தால் அதன் பலன் ஏழைக்கு என்பது அவர் வாதம்.

இது பிச்சை அல்ல, உரிமை. கதிர் பொறுக்க ஒருவரை அனுமதித்து இன்னொருவரைத் தடுக்கும் நிலக்காரர், ஏழைகளின் பொருளைக் கொள்ளையடித்தவர் என்றே மிஷ்னா தீர்ப்பளிக்கிறது.