ஒலிப்பதிவு மென்பொருள் திறக்க ஏன் இத்தனை நேரம்?



தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். முன்பெல்லாம் இதற்குப் பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடத்தைத் தேடிப் போக வேண்டும். மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கட்டவும் வேண்டும். இன்றோ ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு மைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளும் இருந்தால் வீட்டு அறையிலேயே பதிவு செய்துவிடலாம்.

ஆனால் அந்த மென்பொருளைத் திறந்தவுடன் நடப்பதென்ன? திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் தோன்றுகிறது. அதன் அடியில் ஏதேதோ பெயர்கள் ஓடுகின்றன. 5 நிமிடம் ஆகிறது, 10 நிமிடம் ஆகிறது, ஒரு பெயரிலேயே நின்றும் விடுகிறது. பிள்ளை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். வேலை முடிந்து வந்த தகப்பனாருக்கு அவன் சும்மா பொழுது போக்குவதாகத் தோன்றுகிறது. கடைக்காரரைக் கேட்டால், "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்கிறார். தவணை முறையில் புதிது வாங்கக் கையெழுத்துப் போட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. புதிய கணினியிலும் அதே பிளகின்களை அதே முறையில் போட்டால், அதே தாமதம் மீண்டும் வரக்கூடும் என்பதை எவரும் சொல்வதில்லை. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒலிப்பதிவு மென்பொருள் தனி ஆளாக எல்லா வேலையும் செய்வதில்லை. குரலுக்கு எதிரொலி சேர்க்க ஒரு சிறு மென்பொருள், இரைச்சலை நீக்க ஒன்று, தபேலா ஓசை எழுப்ப ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று என்று பல துணைவர்களை அதனோடு சேர்த்துக் கொள்கிறோம். இந்தத் துணைவர்களுக்குத்தான் பிளகின் என்று பெயர். செருகி என்று தமிழிலும் சொல்கிறார்கள். இவற்றைப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் செய்கின்றன.

இனி, விடியற்காலைப் பெரட்டுக் களத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்த நேயர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கிராணியார் பேர் வாசிப்பார். ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். இன்னார் வந்திருக்கிறார், இன்னாருக்குப் பால்வெட்டு, இன்னாருக்குக் களையெடுப்பு என்று செக்ரோலில் குறித்த பிறகுதான் ஆட்கள் நிரைக்குப் போவார்கள். ஒலிப்பதிவு மென்பொருளும் திறந்தவுடன் செய்வது இந்தப் பெரட்டுத்தான். இதனையே பிளகின் ஸ்கேன் என்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் "ஐயா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிளகினை அப்படிக் கூப்பிட முடியாது. மென்பொருள் அந்தக் கோப்பைத் தட்டிலிருந்து எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, பெரும்பாலும் அதைப் பாதி இயக்கியும் பார்த்து, "உன் பெயர் என்ன? உன்னைச் செய்தவர் யார்? நீ வாத்தியமா, ஓசையை மாற்றும் கருவியா? உனக்கு உள்ளே எத்தனை வழி, வெளியே எத்தனை வழி?" என்று கேட்டறிந்து, மறுபடி இறக்கி வைக்க வேண்டும். ஒரு பிளகினுக்கு 2 விநாடி ஆகிறதென்று வைத்துக் கொள்வோம். 300 பிளகின்கள் இருந்தால் 600 விநாடி, அதாவது 10 நிமிடம். இதில் கணினியின் குற்றம் எதுவும் இல்லை. வெறும் பெருக்கல் கணக்குத்தான்.

நாள்தோறும் இப்படி 10 நிமிடம் ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஒரு தடவை கேட்டறிந்ததை மென்பொருள் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்துக் கொள்கிறது. மறுநாள் கோப்பின் தேதியும் அளவும் மாறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, மாறாதவற்றை விட்டுவிடும். புதிதாக வந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டுமே கூப்பிடும். எனவே முதல் தடவை நேரமாவதும், பிளகின்களைப் புதுப்பித்த பிறகு ஒரு தடவை நேரமாவதும் இயல்பு. பொறுத்திருக்க வேண்டியதுதான். பொறுமை இழந்து நடுவிலே கணினியை அணைத்துவிட்டால் காரியம் கெடும். அப்போது சோதனையில் இருந்த நல்ல பிளகினைச் சில மென்பொருள்கள் கெட்டது என்று ஒதுக்கி வைத்துவிடும். பிறகு "என் தபேலாவைக் காணோம்" என்று பிள்ளை தேடிக்கொண்டிருப்பான்.

தினந்தோறும் தாமதம் என்றால்தான் நோய் இருக்கிறது என்று பொருள். அந்த நோய் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று பார்ப்போம்.

நாங்கள் அடிக்கடி காண்பது, தேட வேண்டிய இடத்தைத் தவறாகக் குறித்திருப்பது. இதைப் புரிந்து கொள்ளச் சிறிது வரலாறு தேவை. விண்டோஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் பிளகின் முறை வி.எஸ்.டி. எனப்படும். ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரத்தின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதை 1996இல் வெளியிட்டது. அதன் இரண்டாம் தலைமுறைக் கோப்புகளின் பெயர் 'டி.எல்.எல்.' என்று முடியும். வம்பு என்னவென்றால், பிளகின் அல்லாத ஆயிரக்கணக்கான விண்டோஸ் கோப்புகளுக்கும் இதே முடிவுதான். வெளியே நின்று பார்த்து எது பிளகின், எது அல்ல என்று சொல்ல இயலாது. பிள்ளை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவு முழுவதையும் தேடுமிடமாகக் குறித்துவிட்டால், மென்பொருள் அங்குள்ள கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பெரட்டுக்கு வேலையாட்களை மட்டும் அழைக்காமல், ஆயாக்கொட்டகைக் குழந்தைகளையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், விருந்துக்கு வந்த சம்பந்தியையும் கூப்பிட்டு நிறுத்துவது போன்றது இது. தேடுமிடப் பட்டியலில் பிளகின்கள் உள்ள அடைவை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கிவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒன்றே போதுமானதாக இருக்கும்.

2008இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இந்தக் குழப்பம் குறைந்தது. 'வி.எஸ்.டி.3' என்பதே கோப்பின் முடிவு. 'காமன் ஃபைல்ஸ்' அடைவுக்குள் அதற்கென்று ஓரிடமும் உண்டு. ஆனால் நிறுவும்போது வந்த கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று தட்டிவிட்டால், ஒரே பிளகின் இரண்டு தலைமுறையாகவும் உட்கார்ந்து கொள்ளும். ஒரே ஆளின் பேரைச் செக்ரோலில் இரண்டு தடவை எழுதியதற்கு ஒப்பாகும் இது. புதிய பாட்டுகளுக்கு மூன்றாம் தலைமுறையே போதும். பழைய பாட்டு எதிலும் இரண்டாம் தலைமுறை பயன்படவில்லை என்று உறுதியானால் அதை நீக்கலாம்.

அடுத்தது உரிமச் சோதனை. விலை கொடுத்து வாங்கிய பிளகின்களில் சில, "எனக்கு உரிமம் இருக்கிறதா" என்று இணையம் வழியே கேட்டுப் பார்க்கும். கோடு நன்றாக உள்ள பட்டணத்தில் அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சிக்னல் வந்தும் வராமலும் இருக்கும் உட்பகுதித் தோட்டத்தில், பதில் வரும் வரை அது காத்திருக்கும். ஒரு பிளகின் காத்திருந்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். உரிமம் முடிந்துபோன பிளகினும் அப்படியே. சில சமயம் "பணம் கட்டு" என்று ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சாளரம் பெரிய கட்டத்தின் பின்னால் மறைந்திருப்பதும் உண்டு. திரை உறைந்துவிட்டது என்று நினைக்கும்போது 'ஆல்ட்' விசையை அழுத்தியபடி 'டேப்' விசையைத் தட்டிப் பாருங்கள். மறைந்திருந்த கேள்வி வெளியே வரக்கூடும்.

திருட்டுப் பிளகின்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பூட்டை உடைத்த பிளகின்களை நண்பர்கள் பென்டிரைவில் கொண்டுவந்து தருவார்கள். அவற்றின் உரிமச் சோதனைப் பகுதியை எவனோ வெட்டி ஒட்டியிருப்பான். ஸ்கேனின்போது நிற்பதும், மென்பொருளையே கவிழ்ப்பதும் அவற்றால் நேரும். அதோடு நச்சு நிரலும் கலந்து வரும். அம்மா அந்தக் கணினியிலேதானே வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்? இலவசமாகவே சட்டப்படி கிடைக்கும் நல்ல பிளகின்கள் பல இருக்க, இந்த வழி தேவையற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நச்சுத் தடுப்பு மென்பொருளும் தாமதத்துக்குக் காரணமாகலாம். ஒவ்வொரு பிளகின் திறக்கப்படும்போதும் அது குறுக்கே நின்று சோதனை போடும். நம்பகமான இடத்திலிருந்து வந்த பிளகின்களின் அடைவை மட்டும் சோதனையிலிருந்து விலக்கி வைக்கலாம். தடுப்பு மென்பொருளையே அணைத்து வைப்பது கூடாது.

இத்தனையும் பார்த்த பின்பும் தாமதம் தீரவில்லையா? அப்படியானால் குற்றவாளியைப் பிடிக்கக் கணக்குப் பாடத்தில் ஒரு வழி இருக்கிறது. முதலில் கட்டத்தில் எந்தப் பெயரில் நிற்கிறது என்று தாளில் குறித்துக் கொள்ளுங்கள். மூன்று நாளும் ஒரே பெயர் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். பெயர் தெரியவில்லை என்றால், மென்பொருளை மூடிவிட்டு, 64 பிளகின் கோப்புகளில் 32ஐ வேறு அடைவுக்கு மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம். மறுபடி திறந்து பாருங்கள். வேகமாகத் திறந்தால் குற்றவாளி வெளியே வைத்த 32க்குள் இருக்கிறான். இல்லையென்றால் உள்ளே இருக்கிறான். சந்தேகமுள்ள பாதியை மட்டும் எடுத்து மீண்டும் பாதியாக்குங்கள். 16, 8, 4, 2, 1 என்று ஆறே தடவையில் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் 64 தடவைகூட ஆகலாம். தொல்லை கொடுத்தது ஒன்றுக்கு மேற்பட்டதானால் இன்னும் சில தடவை தேவைப்படும். குற்றமற்றவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். பழைய பாட்டுக் கோப்புகள் அவற்றை அதே பெயரில் தேடும். இல்லையெனில் பாட்டு முழுமையாகத் திறக்காது.

ஸ்கேன் எப்போது நடக்க வேண்டும் என்று நாமே தீர்மானிக்கவும் வசதி உண்டு. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பேண்ட்லேப் நிறுவனம் 2018இல் வாங்கிய கேக்வாக் மென்பொருளை எடுத்துக் கொள்வோம். அதன் அமைப்புப் பகுதியில், திறக்கும்போதே ஸ்கேன் செய், பின்னணியில் தானாகச் செய், நான் சொன்னால் மட்டும் செய் என்று மூன்று தெரிவுகள் இருக்கின்றன. மூன்றாவதைத் தேர்ந்துவிட்டால் திறக்கும்போது பெரட்டே கிடையாது. புதுப் பிளகின் போட்ட அன்று மட்டும் நாமே அழைத்துக் கொள்ளலாம். ரீப்பர் மென்பொருளில், பழைய பதிவேட்டைத் துடைத்துவிட்டு முற்றிலும் புதிதாக எழுதச் செய்யும் பொத்தான் ஒன்று இருக்கிறது. பதிவேடு கெட்டுப்போய்த் தினமும் தொல்லை கொடுத்தால் அதை ஒரு தடவை அழுத்தலாம். அன்றைக்கு மட்டும் நேரமாகும்.

ஸ்கேன் முடிந்து மென்பொருள் திறந்துவிட்டது, ஆனால் பாட்டைத் திறக்கும்போது நேரமாகிறது என்றால் அது வேறு சங்கதி. வாத்தியப் பிளகின்கள் உண்மையான தபேலா, வயலின் ஓசைகளைத் துண்டு துண்டாகப் பதிந்து வைத்திருக்கும். பாட்டைத் திறக்கையில் அத்தனை துண்டுகளையும் தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும். அதற்குப் பதிவேட்டைத் துடைத்துப் பயனில்லை. அங்கே தட்டின் வேகமே முக்கியம்.

பழைய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் வன்தட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று என்பது அவற்றில் வழக்கமான வேகம். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி ஆகும். தேடும் துண்டு ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் வேறு. சிறு சிறு கோப்புகள் ஆயிரமாயிரம் என்றால் இது கூடிக் கூடி நிமிடங்களாகிவிடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திட நிலைத் தட்டில் சுழல்வது ஏதும் இல்லாததால் இந்தக் காத்திருப்பும் இல்லை. பல பழைய கணினிகளில் வன்தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். புதுக் கணினியின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். மேலே சொன்ன சோதனைகளைச் செய்து முடித்த பிறகும் பணம் செலவழித்துத்தான் ஆக வேண்டுமென்றால், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதன் விலையைத்தான். கேட்கப் போவதற்கு முன், பிள்ளை பதிந்து வைத்த பாட்டுகளையெல்லாம் வேறொரு தட்டில் நகல் எடுத்துக் கொள்ளச் சொல்லுங்கள்.