ரயிலைப் பார்க்காதவர் வரைந்த ரயில்!

தெருச் சுவரெல்லாம் சித்திரம்: ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு விந்தை

மண்டாவா என்று ஓர் ஊர். ராஜஸ்தான் மாநிலத்தில், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய வீட்டின் வெளிச்சுவரில் ஆகாய விமானம் பறக்கிறது! அமெரிக்காவில் 1903-ம் ஆண்டு ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டார்களே, அந்த விமானம்தான். பக்கத்தில் ஒரு பையன் டெலிபோனில் பேசுகிறான். ஒரு பயில்வான் மோட்டார் காரைக் கட்டி இழுக்கிறான்.

எல்லாம் சுவரில் தீட்டிய சித்திரங்கள். 1920-களில் நெவாட்டியா என்ற வியாபாரிக் குடும்பம் கட்டிய வீடு அது. பிற்காலத்தில் அதற்குள் பாங்கி ஒன்று நடந்தது. பணம் எடுக்க வந்தவர்கள் விமானத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த ஒரு வீடு மட்டும் அல்ல. மண்டாவா, நவல்கர், பத்தேபூர், ராம்கர் என்று ஊர் ஊராக இப்படித்தான். தெருவுக்குள் நுழைந்தால் இரு பக்கமும் யானை, குதிரை, ஒட்டகம், சாமி, ராஜா, துரை, துரைசானி! இந்த வட்டாரத்துக்கு ஷேகாவதி என்று பெயர். 15-ம் நூற்றாண்டில் ஆண்ட ராவ் ஷேகா என்ற ராஜபுத்திர வீரரால் வந்த பெயர் அது. ஜுன்ஜுனு, சீகர் மாவட்டங்களும், சூரு மாவட்டத்தின் ஒரு பகுதியும் இதில் அடங்கும்.

பணம் எங்கிருந்து வந்தது?

மணல் பூமியில் இவ்வளவு பெரிய வீடுகள் எப்படி வந்தன? வியாபாரத்தால் வந்தன. ஒரு காலத்தில் குஜராத் துறைமுகங்களுக்கும் டில்லிக்கும் இடையே ஒட்டகங்கள் சரக்குச் சுமந்து இந்த வழியாகத்தான் போயின. ஊருக்கு ஊர் மார்வாரி வியாபாரிகள் பெருகினார்கள். பிறகு வெள்ளைக்காரர் ஆட்சியில் கல்கத்தாவும் பம்பாயும் பெரிய துறைமுகங்கள் ஆயின. ஒட்டகப் பாதை ஓய்ந்தது. வியாபாரிகள் மூட்டை கட்டினார்கள். கல்கத்தாவுக்குப் போனார்கள், பம்பாய்க்குப் போனார்கள், கோடீசுவரர் ஆனார்கள். பிர்லா குடும்பத்தின் சொந்த ஊரான பிலானி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அவர்கள் போனார்களே தவிர, பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். சம்பாதித்த பணம் ஊருக்கு வந்தது. வீடு எழுந்தது. வீட்டுக்கு அழகு சித்திரம். ஒருவர் சுவரில் பத்து யானை என்றால், அடுத்தவருக்கு இருபது யானை வேண்டும்! இப்படிக் கிளம்பிய போட்டி சுமார் 1830 முதல் 1930 வரை நூறு வருஷம் நடந்தது.

கொத்தனாரே ஓவியர்

சித்திரம் தீட்டியவர்கள் அரண்மனை ஓவியர்கள் அல்ல. வீடு கட்டிய கொத்தனார்கள்! அங்கே அவர்களைச் 'சேஜாரா' என்பார்கள். பலர் குயவர் குலத்தில் பிறந்தவர்கள். கரண்டி பிடித்த கையே தூரிகையும் பிடித்தது.

அவர்கள் செய்த முறை கேட்கத் தகுந்தது. சுண்ணாம்புக் காரையை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மாவு போல நைசாக இருக்கும். அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டிவிட வேண்டும். காய்ந்தால் போச்சு! ஆகையால் அன்று முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் அன்று பூசுவார்கள். பிறகு வண்ணத்தைக் கரண்டியால் தட்டி அழுத்துவார்கள். வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாக இறுகும். நிறமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். அப்புறம் அந்த நிறம் லேசில் போகாது.

வண்ணத்துக்குச் செலவும் அதிகம் இல்லை. கறுப்புக்கு விளக்குக் கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்புக்குக் காவிக்கல். நீலத்துக்கு அவுரி. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து சாயப்பொடி வந்து இறங்கியது. காய்ந்த சுவரிலேயே தீட்டலாம் என்றார்கள். வேலை சுலபமாயிற்று, ஆனால் உறுதி குறைந்தது.

சுவரே புத்தகம்

முதலில் ராமர், கண்ணன் கதைகளைத் தீட்டினார்கள். ஒட்டகத்தில் ஏறித் தப்பி ஓடும் டோலா, மாரு என்ற காதலர் கதையைக் காணாத தெரு இல்லை எனலாம். பாலைவனத்துப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அது. எழுத்துத் தெரியாதவர்களும் சுவரைப் பார்த்துக் கதை படித்தார்கள்.

பிறகு வீட்டுக்காரர் பட்டணத்தில் பார்த்த புதுமை எல்லாம் சுவருக்கு வந்தது. கிராமபோன் வந்தது. கப்பல் வந்தது. ரயிலும் வந்தது. அந்த ஊர்களுக்கு நிஜ ரயில் வருவதற்கு வெகு காலம் முன்பே சுவர் ரயில் வந்துவிட்டது! ரயிலை நேரில் பார்க்காத கொத்தனார் அச்சுப் படத்தைப் பார்த்தும், பார்த்து வந்தவர் சொல்லக் கேட்டும் வரைந்தார். சில ரயில்கள் வீடுகளை வரிசையாக நிறுத்திச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். ஜன்னலுக்கு ஒரு முகம்! சிரிப்பு வரலாம். ஆனால் அதில் உள்ள ஆசையை அச்சுப் படத்தில் காண முடியாது. மோட்டார் காரில் போகும் ராதையும் கண்ணனும்கூட உண்டு.

வீட்டோடு நிற்கவில்லை. ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது பாலைவனத்தில் பெரிய தருமம். கிணற்றைச் சுற்றி உயரமான தூண்கள் எழுப்புவார்கள். மணல் வெளியில் தாகத்தோடு வருகிறவருக்குத் தொலைவிலேயே தெரிய வேண்டும் அல்லவா? அந்தக் கிணற்று மேடைகளிலும், இறந்த பெரியவர்களுக்கு எழுப்பிய மண்டபங்களிலும் சித்திரம் உண்டு.

பூட்டிய கதவுகள்

நாளடைவில் பெண்டு பிள்ளைகளும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வீடுகள் பூட்டிக்கொண்டன. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது வாரிசுகள். ஒருவர் கல்கத்தாவில், ஒருவர் பம்பாயில். பழுது பார்க்க ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிப்பதில்லை.

வறண்ட காற்று காப்பாற்றிய சித்திரத்தை ஈரம் கெடுக்கிறது. தரையிலிருந்து உப்பு நீர் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. அதன் மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் கெடுகிறது. சில இடங்களில் வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். சில வீடுகளை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். பழம்பொருள் வியாபாரிகள் கதவையும் ஜன்னலையும் பெயர்த்து வாங்கிப் போனதும் உண்டு.

காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். நவல்கரில் 1902-ல் கட்டிய பொத்தார் மாளிகை மியூசியம் ஆகிவிட்டது. பத்தேபூரில் 1802-ல் கட்டிய தேவ்ரா குடும்பத்து வீட்டை, பிரான்ஸ் தேசத்து ஓவியர் நடீன் லெ பிரான்ஸ் என்ற அம்மையார் 1998-ல் விலைக்கு வாங்கிச் செப்பனிட்டார். சில மாளிகைகள் ஓட்டல் ஆயின. சினிமாக்காரர்களும் வந்தார்கள். 2014-ல் வெளியான 'பி.கே.' இந்திப் படத்தின் சில காட்சிகள் மண்டாவா தெருக்களில் எடுக்கப்பட்டவை.

பூட்டிய வீடுகளில் பலவற்றின் சாவி காவல்காரரிடம் இருக்கிறது. சில ரூபாய் கொடுத்தால் கதவைத் திறந்து முற்றத்தைக் காட்டுவார். வெளிச்சுவரைப் பார்க்க யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.