கணினியில் தங்கும் வேண்டாத எச்சங்கள்

மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களை வீழ்த்தும்பொழுது அடிக்கட்டைகளையும் வேர்களையும் மண்ணிலேயே விட்டுவிட்டால் நேர்வது யாதென்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளை வேர் நோயை உண்டாக்கும் பூஞ்சை அக்கட்டைகளில் தங்கியிருந்து, புதிதாக நட்ட கன்றுகளின் வேர்களைப் பற்றிக்கொள்கிறது. மேலே மரம் இல்லை. கீழே நோய் இருக்கிறது. விண்டோஸ் கணினியிலிருந்து வேண்டாத மென்பொருளை நீக்குவதும் ஏறக்குறைய இத்தகையதே.

அண்மையில் செபராங் பிறையிலுள்ள தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தபொழுது, பால்மரம் வெட்டும் நண்பர் ஒருவர் தம் மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினார். ஜார்ஜ் டவுனில் பழைய பொருளாக வாங்கியது அது. திரையின் வலப்புற மூலையில், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகவும் உடனே பணம் செலுத்த வேண்டுமென்றும் ஆங்கில அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவண்ணம் இருந்தன.

"ஐயா, அந்தச் சனியனை அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டேனே, மறுபடியும் எப்படி வருகிறது?" என்று அவர் கேட்டார். கேட்ட தொகையைக் கட்டிவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. "கட்டாதீர்கள் அண்ணே" என்றோம் நாம். மகளின் பள்ளிப் பாடங்கள் மட்டுமின்றி, குடும்பத்தின் வங்கிக் கணக்கும் அக்கணினியின் வழியாகவே பார்க்கப்பட்டு வந்தது.

அவர் கூறியது உண்மையே. செட்டிங்ஸ் பகுதியில் 'ஆப்ஸ்' என்னும் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அம்மென்பொருள் அங்கே இல்லை. ஆயின், 'அன்இன்ஸ்டால்' என்பதை அழுத்தும்பொழுது விண்டோஸ் தானே துப்புரவு செய்வதில்லை என்பதை அறிதல் வேண்டும். பெரும்பாலும், அம்மென்பொருளை ஆக்கியவர் உடன் அனுப்பிய நீக்கும் நிரலையே அது இயக்குகிறது. அந்நிரல் எதை எடுக்கிறதோ அதுவே போகும், விட்டுவைப்பது தங்கும். வீட்டைக் காலி செய்யும் வேலையைத் திருடனிடமே ஒப்படைத்தது போன்ற நிலைதான்.

முதலில் இணைய உலாவியை ஆராய்ந்தோம். குரோம் உலாவியின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதனுள் 'சைட் செட்டிங்ஸ்', அதனுள் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று சென்றால், அறிவிப்பு அனுப்ப இசைவு பெற்ற தளங்களின் பெயர்கள் தெரியும். என்றோ ஒரு நாள் எவரோ 'அலவ்' என்னும் பொத்தானை அழுத்தியதன் பயனாக, அறியாத தளங்கள் பல அங்கே வரிசையாக நின்றன. மூலையில் தோன்றிய பொய் எச்சரிக்கைகள் யாவும் அவை அனுப்பியவையே. அவற்றை நீக்கியதும் திரை அமைதியுற்றது. அடுத்து 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலில் இருந்த அறியாத இணைப்பு ஒன்றையும் எடுத்தோம்.

அத்துடன் நிறுத்தவில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்பது, கணினி விழித்தவுடன் தாமே எழும் நிரல்களின் பட்டியல். 'டாஸ்க் ஷெட்யூலர்' என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் பகுதி. நீக்கிய மென்பொருளை மீண்டும் இறக்கிக்கொள்ளும் கட்டளை இதில் ஒளிந்திருப்பதுண்டு. நண்பரின் கணினியிலும் அப்படி ஒன்று இருந்தது. ஐயமுள்ளதை உடனே அழிக்காமல் முதலில் 'டிஸேபிள்' செய்து சில நாள் பார்ப்பதே நன்று. புரோகிராம் பைல்ஸ், புரோகிராம் டேட்டா, ஆப் டேட்டா ஆகிய கோப்புறைகளில் பழைய பெயரில் எஞ்சும் கோப்புகள் பெரும்பாலும் இடத்தை அடைக்குமேயன்றி வேறு தீங்கு செய்வதில்லை.

எச்சத்தால் விளையும் கேட்டிற்கு உலகறிந்த சான்றும் உண்டு. லெனோவோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் 'சூப்பர்பிஷ்' என்னும் விளம்பர மென்பொருள் முன்னதாகவே பதிக்கப்பட்டிருந்தது. 2015 பிப்ரவரியில் அதன் கேடு வெளிப்பட்டபொழுது பலர் மென்பொருளை நீக்கினர். ஆயினும், அது விண்டோஸில் பதித்திருந்த நம்பிக்கைச் சான்றிதழ் அப்படியே தங்கிவிட்டது. வேலையிலிருந்து விலக்கப்பட்ட கிராணியின் கையில் ஆபீஸ் முத்திரை இருப்பதற்கு இது ஒப்பாகும். அதைக் கொண்டு போலி வங்கித் தளத்தையும் உண்மையானதெனக் காட்ட இயலும். சான்றிதழையும் சேர்த்து அகற்றும் கருவியை லெனோவோ பின்னர் வெளியிட்டது. விண்டோஸின் டிபெண்டரும் அதை நீக்கும்படி திருத்தப்பட்டது.

"கணினியை ஒரே நொடியில் தூய்மை செய்வோம்" எனக் கூவி அழைக்கும் இலவசக் கருவிகளை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றுட் பல தாமே வேண்டாத மென்பொருள்கள். பெயர் பெற்ற கருவியும் தப்பவில்லை: 2017இல் 'சிசிகிளீனர்' கருவியின் பதிப்பொன்றிலேயே தீய நிரலைப் புகுத்திவிட்டனர். 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் விண்டோஸின் பதிவேட்டில் கைவைப்பதையும் தவிர்க்க வேண்டும். அங்கே தவறான ஒரு வரியை அழித்தால் கணினி எழாமலே போகக்கூடும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'ஆப்லைன் ஸ்கேன்' செலவற்றது. கணினி தானே மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை நடைபெறும்; கால் மணி நேரம் ஆகும். தேநீர் அருந்தியவாறு காத்திருந்தோம், எதுவும் அகப்படவில்லை. அதன் பின்னரே, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றும்படி நண்பரிடம் கூறினோம். அவர் பணம் கட்டியிருப்பாராயின், தாமதமின்றி வங்கியையோ 997 என்னும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைத்திருக்க வேண்டும்.

பழைய கணினி வாங்குவோர், வாங்கிய அன்றே 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்து, முன்னவர் விட்டுச்சென்ற அனைத்தையும் அகற்றிவிடுதல் எளிது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்குமா என்பதையும் கடையிலேயே கேட்டறியலாம். நண்பரின் மகளோ தன் படங்களையும் பாடங்களையும் பெயர்த்து வைக்க ஒரு வார அவகாசம் கேட்டிருக்கிறாள்.