கிப்சன் கிடார் அசலா, போலியா? கணினியில் ஒரு பரிசோதனை

என் அறை நண்பன் ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கி வந்தான். லெஸ் பால் மாடல். தலைப்பகுதியில் 'கிப்சன்' என்று பளபளக்கும் எழுத்து. வெளிநாடு கிளம்பும் ஒருவர் அவசரத்துக்கு 35,000 ரூபாய்க்குக் கொடுத்தாராம். கடையில் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். "பிடிக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம்" என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். வியாழக்கிழமை இரவு அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஸ்கேலும் கணினியும் இருந்தால் அளந்து பார்க்கத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். லெஸ் பால் மாடலை அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1952-ல் அறிமுகம் செய்தது. அதே நிறுவனத்துக்குச் சொந்தமான எபிஃபோன் என்ற பெயரில் இதே வடிவக் கிடார்கள் சீனாவில் தயாராகிக் குறைந்த விலையில் வருகின்றன. அவை போலி அல்ல. அனுமதியின்றி கிப்சன் பெயரையே போட்டு வருபவைதான் போலி. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் – லாங் பீச் துறைமுகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன்களைச் சுங்கத்துறை பிடித்ததாக அறிவித்தது. பிடிபடாதவை யார் வீட்டுக்கும் வரலாம்.

வரிசை எண் சொல்லும் தேதி

தலையின் பின்புறம் ஒன்பது இலக்க எண் இருந்தது. 2005-க்குப் பிறகு சில ஆண்டுகள் கிப்சன் பயன்படுத்திய முறை இது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்து ஆண்டு. நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. எங்கள் கிடாரின் எண் 01538 என்று தொடங்கியது. அதாவது 2008-ம் ஆண்டின் 153-வது நாள்.

அது எந்தத் தேதி? விரல் விட்டு எண்ண வேண்டாம். எக்ஸெல்லில் ஒரு செல்லில் 2007 டிசம்பர் 31 என்ற தேதியை டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில் அதனுடன் 153-ஐக் கூட்டுங்கள். 2008 ஜூன் 1 என்று விடை வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை! நண்பன் துள்ளினான். நான் துள்ளவில்லை. ஞாயிறு என்பது சந்தேகத்துக்கு இடம் தரும், அவ்வளவுதான். நடு எண் 366-ஐத் தாண்டியிருந்தால் பொய் என்று உறுதியாகச் சொல்லலாம். மறுபக்கம், எண் முறைப்படி சரியாக இருந்தாலும் அசல் என்று ஆகாது. உண்மையான ஒரு கிடாரின் எண்ணைப் பார்த்து நூறு கிடாரில் அடிக்கலாமே!

எக்ஸெல்லில் ஃப்ரெட் கணக்கு

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். லெஸ் பாலில் இவை 22. ஒவ்வொன்றும் எங்கே இருக்க வேண்டும் என்பதற்குச் சரியான கணக்கு உண்டு. தலைப்பக்கம் தந்திகள் தங்கியிருக்கும் சிறு தடுப்பு 'நட்'. அங்கிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் தந்தியின் முழு நீளம் கிடைக்கும். எங்களுக்கு 628 மில்லிமீட்டர் வந்தது.

இதை ஏ1 செல்லில் போடுங்கள். ஏ2-ல் சமக்குறியிட்டு, ஏ1-ஐ 1.059463 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பிறகு ஏ2 செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ23 வரை கீழே இழுத்தால் 22 ஃப்ரெட்டுக்கும் மீதி நீளம் வந்துவிடும். 628-லிருந்து அதைக் கழித்தால் நட்டிலிருந்து உள்ள தூரம். முதல் ஃப்ரெட் 35.25, ஐந்தாவது 157.53, கடைசி ஃப்ரெட் 451.77 மில்லிமீட்டர். 12-வது சரியாக 314 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபார்முலாவில் தவறு.

ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தோம். அரை மில்லிமீட்டர்கூட எதுவும் விலகவில்லை. நண்பனுக்கு மகிழ்ச்சி. எனக்கும் ஆச்சரியம்தான்.

ஆடாசிட்டியில் கேட்டது

அடுத்தது ஓசை. ஆடாசிட்டி என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருள். நண்பனின் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை, கணினியின் பின்னால் உள்ள நீல நிற லைன்-இன் துளையில் செருகினோம். ரோஸ் நிறத் துளை மைக்குக்கானது, அதில் செருகாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் வால்யூமைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

ஒரு தந்தியை மீட்டி மூன்று நொடி பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதியை மவுஸால் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதை க்ளிக் செய்யுங்கள். மலைத்தொடர் போல ஒரு படம் வரும். அந்தத் தந்திக்குரிய சிகரத்தின் மேல் மவுஸைக் கொண்டு போனால் அதிர்வெண்ணைக் காட்டும். இங்கே எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. 'சைஸ்' என்ற பெட்டியில் 2048 இருந்தால், நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளி விழும். தடித்த தந்தியில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு இடையே இருப்பதோ வெறும் 5 ஹெர்ட்ஸ். அளவுகோலே முரடாக இருந்தால் எதை அளப்பது? 65536 என்று மாற்றிவிடுங்கள். படி 0.67 ஹெர்ட்ஸாகக் குறையும். இதற்கு ஒன்றரை நொடியாவது ஓசை நீடிக்க வேண்டும்.

தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பித்தோம். மெல்லிய தந்தியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 349 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வந்தது 353. அடுத்த ஸ்வரம் 370. அதாவது ஒரு ஸ்வர இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஏறிவிட்டது. மூன்றாவது தந்தி திறந்த நிலையில் 196 என்பதால் 12-வது ஃப்ரெட்டில் இரு மடங்காக 392 காட்ட வேண்டும். காட்டியது 397.

ஃப்ரெட்டுகள் சரியான இடத்தில் இருந்தும் ஏன் இப்படி? நட்டில் தந்தி உட்காரும் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு அராமல் விட்டிருந்தார்கள். உயரத்தில் நிற்கும் தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. ஃப்ரெட் பள்ளங்களை வெட்டுவது கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம். சரியாக வெட்டினாலும் தவறாக வெட்டினாலும் அதற்கு ஒரே செலவு. நட்டை அரத்தால் ராவிச் சரிபார்க்க மனிதன் வேண்டும், நேரம் வேண்டும். போலி செய்பவர் காசு மிச்சம் பிடித்தது அங்கேதான்.

பின்மூடியைக் கழற்றியபோதும் அதே கதை. மெல்லிய ஒயர், சிறிய வால்யூம் கண்ட்ரோல்கள், பொட்டுப் பொட்டாகச் சிந்திய சால்டரிங். தலையிலுள்ள மணி வடிவ மூடியில் கிப்சன் இரண்டு திருகுகள் போடும். இதில் மூன்று இருந்தன. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும், ஒரு இரவு மிச்சமாகியிருக்கும்.

"நானும் ஒரிஜினல் என்றே யாருக்காவது தள்ளிவிடுகிறேன்" என்றான் நண்பன். பொய்யான வர்த்தக முத்திரை உள்ள பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைகள் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சொன்னேன். முகம் சுருங்கியது. ஞாயிறு காலை எக்ஸெல் தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு இருவரும் விற்றவரிடம் போனோம். அவர் எண்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது திருகை மட்டும் வெகுநேரம் பார்த்தார். தானும் அசல் என்று நம்பித்தான் வாங்கினேன் என்றார். 20,000 ரூபாய் திரும்பி வந்தது. கிடாரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பழுது பார்ப்பவர் ஒருவர் நட்டை ராவிக் கொடுத்தார். 12-வது ஃப்ரெட் கோளாறை நாங்களே சரி செய்தோம். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு திருகு உண்டு. சுருதி ஏறியிருந்தால் தந்தி தாங்கியைக் கழுத்திலிருந்து விலகும்படி பின்னால் நகர்த்த வேண்டும். கால் சுற்று திருகுவது, மறுபடி சுருதி சேர்ப்பது, ஆடாசிட்டியில் பார்ப்பது. ஏழாவது முறை 392 வந்தது. வேறு தடிமனில் தந்தி மாற்றினால் இந்த அளவு மாறும் என்பதால் அந்த ஃபைலை இன்னும் அழிக்கவில்லை.