‘கஞ்சாதானே’ என்று விட்டுவிடாதீர்கள்

இரவு தொடங்கிய நெஞ்சு நோவுடன் விடிந்த பிறகு வரும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். முப்பதைத் தொடாத வயது. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. நெஞ்சு முழுக்கத் தைலம் மணக்கும். “கேஸ்றைற்றிஸ் டொக்டர், ராத்திரி கொத்து சாப்பிட்டவன்” என்று தாய் சொல்வார். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “தம்பி, நேற்று என்ன இழுத்தீர்?” என்று கேட்ட பிறகுதான் உண்மை வரும்: கஞ்சா.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோரும் இளைஞர்களும் நம்பிக்கொண்டிருக்கும் சில பொய்களை உடைக்கவே இதை எழுதுகிறேன்.

‘ஐஸ் இல்லையே’ என்ற ஆறுதல்

மகன் ஐஸ் பாவிக்கவில்லை, கஞ்சாதான் என்று தெரிந்ததும் பல பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். இதயத்துக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. கஞ்சா புகைத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பு வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டோ இரத்தம் சுமக்கும் ஒட்சிசனைக் குறைக்கிறது. இதயம் கூடுதலாகக் கேட்கும் நேரத்தில் அதற்குக் கிடைப்பது குறைவு.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், கஞ்சா புகைத்த முதல் மணித்தியாலத்தில் மாரடைப்பு ஆபத்து 4.8 மடங்காக இருந்தது. 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு சுமார் 434,000 பேரின் தகவல்களைப் பார்த்தது. தினமும் பாவித்தவர்களிடம் மாரடைப்பு 25 சதவீதமும் பக்கவாதம் 42 சதவீதமும் அதிகமாகக் காணப்பட்டன. “அவர்கள் சிகரெட்டும் குடித்திருப்பார்கள்” என்று கேட்பீர்கள். புகையிலையைத் தொடாதவர்களைத் தனியாகப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

‘அது மூலிகை, எங்கட வைத்தியத்தில இருக்கு’

இருக்கிறது. சுத்தி செய்து, அளவு பார்த்து, நோயாளியைப் பார்த்துக் கொடுக்கும் மருந்தாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து படகில் வந்து, சிகரெட் தூளுடன் கலந்து கைமாறும் பொட்டலத்துக்கும் அந்த மருந்துக்கும் என்ன உறவு? கட்டுநாயக்க விமான நிலையத்தில் கிலோக் கணக்கில் பிடிபடும் ‘குஷ்’, போதைச் சத்து கூடும்படி வளர்த்தெடுக்கப்பட்ட ரகம். எருக்கும் அலரியும் கூடச் செடிகள்தாம்.

‘புகைக்கவில்லை, உருண்டைதான்’

கஞ்சா கலந்த மதன மோதக உருண்டையைப் பாடசாலைப் பிள்ளைகள்கூட இனிப்புப் போல வாங்கித் தின்கிறார்கள். தின்றால் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாவதை விழுங்குவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2025இல் வெளிவந்தது. 55 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான். ஆனால், புகைத்தவர்களிடமும் தின்றவர்களிடமும் இரத்தக்குழாய்கள் விரியும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

‘கனடாவில் சட்டம் அனுமதிக்குதே’

2018இலிருந்து அனுமதிக்கிறது. சிகரெட்டையும் சாராயத்தையும் எங்கள் சட்டமும் அனுமதிக்கிறது. அவற்றால் நோய் வருவதில்லையா? இங்கே ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்க முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்ததைக் காட்டியும் சிலர் வாதாடுகிறார்கள். அந்நியச் செலாவணிக்கான முடிவு அது. உங்கள் இதயத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டாக அதை எடுக்காதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் போகும் நேரம்

நெஞ்சு நோவு வந்ததும் முதலில் இஞ்சித் தேத்தண்ணி. பிறகு ஓமத் தண்ணீர். பிறகு பாமசியில் கேட்டு வாங்கிய ஒமெப்ரசோல். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. அதை மீட்கும் சிகிச்சை கையில் இருக்கும்போதே நேரத்தை இப்படித் தொலைக்கிறார்கள்.

இதைவிட மோசமானதும் நடக்கிறது. படபடப்புக்கென்று யாரோ கொடுத்த புரோபிரனோலோலைப் போடுகிறார்கள்; தொய்வு உள்ளவருக்கு அது மூச்சையே அடைக்கும். தாத்தாவுக்குக் கொடுத்த, நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையைப் பேரனுக்கு வைக்கிறார்கள். அவன் வயாக்ரா வகை மாத்திரை போட்டிருந்தால் இரத்த அழுத்தம் அடியோடு விழும், உயிரும் போகலாம். இன்னொருவரின் மருந்தை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னது? தயவுசெய்து நிறுத்துங்கள்.

பரிசோதனை

ஈசிஜி, இரத்தத்தில் ட்ரோபொனின், தேவையானால் எக்கோ. முதல் ஈசிஜி சரியென்றாலும், இருக்கச் சொன்னால் இருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர் வியர்வை, மயக்கம், திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் பலமிழத்தல்: இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மோட்டார் சைக்கிளில் தானே ஓட்டிக்கொண்டு வர விடாதீர்கள்.

டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எந்த மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுக்கவே கேட்கிறோம், பொலிஸில் பிடித்துக் கொடுப்பதற்கல்ல. விட முடியவில்லையென்றால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்குப் பேசுங்கள்.

தாய் தகப்பன்மாரே, அடித்துப் பூட்டினால் பிள்ளை ஒளிப்பான். நோவு வந்த இரவிலும் ஒளிப்பான். அன்றைக்கு உங்களை எழுப்பும் துணிவு அவனுக்கு இருக்கவேண்டும். அதற்கு இன்றே அவனோடு பேசுங்கள்.

தம்பிமாரே, கூட இழுத்த நண்பன் நெஞ்சைப் பிடித்தால் பயந்து ஓடாதீர்கள். அவன் வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு எடுத்தான் என்று அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

இழுக்காமலே இருந்துவிடுங்கள் என்றுதான் முதலும் கடைசியும் கேட்கிறேன். கேட்காவிட்டாலும், நோவு வந்தால் உடனே வாருங்கள்.