இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால்

எங்கள் தாமானில், பக்கத்து வீட்டில் ஓர் அல்சேஷன் குட்டி வளர்கிறது. அதற்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. புதன்கிழமைக்குள் சரியாகிவிட்டது. கேட்டுக்கு ஓடி வந்து, தபால்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வழக்கம்போலக் குரைத்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நொண்டல். ஆனால் இந்த முறை இடது பின்னங்காலில்.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சோபாவிலிருந்து குதித்துச் சுளுக்கிக்கொண்டது என்றார் வீட்டு அம்மா. எலும்புக்குச் சத்துப் போதவில்லை, கால்சியம் மாத்திரை கொடுங்கள் என்றார் தாத்தா. நம்மைக் கொஞ்ச வைப்பதற்காக நடிக்கிறது என்றான் பையன். சுளுக்கு என்றால் அடிபட்ட காலிலேயே இருக்கும்; உடலின் மறுமூலைக்குத் தாவாது. நடிப்பு என்பதை விட்டுவிடலாம். தாத்தாவின் மாத்திரைதான் மூன்றிலும் ஆபத்தானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெரிய இன நாய்க்குட்டியின் உடல் என்ன வேகத்தில் வளர்கிறது என்று பார்ப்போம். மனிதக் குழந்தை 3 கிலோ எடையில் பிறந்து, 60 கிலோ ஆவதற்கு ஏறக்குறைய 18 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அது 20 மடங்கு. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டி இருக்கும். ஒன்றரை ஆண்டில் அது 50, 60 கிலோ ஆகிவிடும். ஏறக்குறைய 100 மடங்கு! அல்சேஷன், லாப்ரடோர், ரோட்வைலர் போன்ற இனங்கள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அவையும் ஓராண்டுக்குள் பெரும்பகுதி வளர்ந்துவிடுகின்றன.

இந்த வளர்ச்சி எலும்பு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. கால் எலும்புகளின் இரு முனைகளிலும் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. அங்கே புதிய குருத்தெலும்பு உருவாகி, பிறகு சுண்ணாம்பு ஏறி எலும்பாக மாறுகிறது. எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். எலும்பை விட அது மென்மையானது. அடியோ அழுத்தமோ முதலில் அங்கேதான் தாக்கும். சிறிய இனங்களில் எட்டு, பத்து மாதத்திற்குள் இந்தத் தட்டுகள் எலும்பாகி மூடிவிடும். பெரிய இனங்களில் ஓராண்டைத் தாண்டும். மிகப் பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டு வரைகூட ஆகலாம். எனவே பத்து மாத ரோட்வைலர் பார்ப்பதற்குப் பெரிய நாயாக இருந்தாலும், எலும்பைப் பொறுத்தவரை அது இன்னும் குட்டிதான்.

பக்கத்து வீட்டுக் குட்டிக்கு வந்தது பேனோஸ்டியைட்டிஸ். வாயில் நுழையாத பெயர்தான். வளர்பருவ எலும்பு வலி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை வரும். ஆண் குட்டிகளுக்கு அதிகம். அல்சேஷனுக்கு மிக அதிகம். மூட்டுகளை இது தொடுவதில்லை. நீண்ட கால் எலும்புகளின் நடுத்தண்டுக்குள், மஜ்ஜை இருக்கும் குழியில்தான் தொல்லை தொடங்குகிறது. எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழைய ஒரு சிறு துளை உண்டு. அதன் அருகே கொழுப்பு மஜ்ஜை இருந்த இடத்தில் நார்த்திசுவும், பிறகு தற்காலிகப் புது எலும்பும் உருவாகின்றன. எலும்பின் உள்ளே அழுத்தம் கூடுகிறது. வெளியே வீக்கம் இல்லை, காயம் இல்லை. ஆனால் எலும்பின் நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் குட்டி துள்ளிக் கத்தும்.

சில நாள்களிலிருந்து ஓரிரு வாரம் வரை வலி நீடிக்கும். பிறகு அந்த எலும்பு ஆறிவிடும். சில வாரம் அமைதி. பிறகு வேறோர் எலும்பு. இதனால்தான் நொண்டல் காலுக்குக் கால் தாவுகிறது. இதை எது தூண்டுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், எலும்பு வளர்ச்சி முடியும்போது இதுவும் தானாகவே முடிந்துவிடும். வடு எதையும் விட்டுச் செல்வதில்லை. வலி இருக்கும் நாள்களில் ஓய்வும், தேவைப்பட்டால் நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்தும் போதும்.

ஆனால் இந்த நல்ல செய்தியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் இந்த ஒரு நோய்க்குத்தான் பொருந்தும். அதே வயதில், அதே இனங்களில், அதே போல விட்டு விட்டு நொண்ட வைக்கும் வேறு சில கோளாறுகள் உண்டு. அவை வளர்ந்தால் சரியாகாது. வளர வளரக் கெடும்.

அவற்றில் முதன்மையானது இடுப்பு மூட்டுக் கோளாறு. தொடை எலும்பின் பந்துபோன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்திற்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். பிறக்கும்போது மூட்டு சரியாகத்தான் இருக்கும். வளரும்போது தசைநார்கள் தளர்வாக இருந்தால், பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறி ஏறி இறங்குகிறது. கிண்ணம் ஆழமாக உருவாகாமல் தட்டையாகிவிடுகிறது. குருத்தெலும்பு தேய்கிறது. மரபுவழி இதற்கு முக்கியக் காரணம். இந்தத் தளர்வை மருத்துவர் கையாலேயே கண்டுபிடிக்கலாம். குட்டியின் தொடையை அழுத்தி விரிக்கும்போது பந்து கிண்ணத்திற்குள் திரும்ப விழுவது கையில் தட்டும். இதற்கு ஓர்டோலானி சோதனை என்று பெயர். மரினோ ஓர்டோலானி நாய் மருத்துவர் அல்லர், இத்தாலியக் குழந்தை மருத்துவர். பச்சிளங்குழந்தைகளின் இடுப்பைப் பரிசோதிக்க அவர் 1937இல் விவரித்த முறையைத்தான் இன்று நாய்க்குட்டிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கோளாறு உரிமையாளரை ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. ஐந்து, ஆறு மாதத்தில் குட்டி முயல் போல இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து ஓடும், எழுந்திருக்கச் சிரமப்படும். ஒன்றேகால், ஒன்றரை வயதில் மூட்டைச் சுற்றி நார்த்திசு தடித்து, மூட்டு ஓரளவு நிலைபெறும். வலி குறையும். வீட்டில் எல்லோரும், பார்த்தீர்களா, தானாகவே சரியாகிவிட்டது என்பார்கள். உள்ளே தேய்மானம் தொடர்ந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் மூட்டுவாதமாகத் திரும்பி வரும். இதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் ஒரு கால வரம்பும் உள்ளது. இடுப்பெலும்பின் வளர்ச்சியைத் திசைதிருப்பிக் கிண்ணத்தை ஆழமாக்கும் ஒரு சிறு அறுவை சிகிச்சை, குட்டிக்கு ஏறக்குறைய 20 வாரம் ஆகும் வரைதான் பலன் தரும். அதைத் தவறவிட்டால் எலும்பை வெட்டித் திருப்புவது, செயற்கை இடுப்பு பொருத்துவது போன்ற பெரிய சிகிச்சைகள்தான் மிஞ்சும்.

முன்னங்காலில் முழங்கையும் தோள்பட்டையும் சிக்கலான இடங்கள். தோளில் குருத்தெலும்பு அளவுக்கு மீறித் தடித்துவிட்டால், அதன் ஆழத்தில் உள்ள பகுதிக்கு ஊட்டம் போய்ச் சேராமல் செத்துவிடும். பிறகு ஒரு துண்டு தோல்போல உரிந்து மூட்டுக்குள் தொங்கும். நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை இது வெளிப்படும் காலம். முழங்கையில் சிறு எலும்புத் துண்டு பெயர்ந்துவிடுவதுண்டு. இவையெல்லாம் இடம் மாறுவதில்லை. அதே கால், அதே மூட்டு. படுத்து எழுந்தவுடன் மோசமாகவும், கொஞ்சம் நடந்ததும் பரவாயில்லாமலும் இருக்கும். முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புகள் அருகருகே உள்ளன. அடிபட்டு ஒன்றின் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிவிட்டால், மற்றொன்று தொடர்ந்து வளர, கால் வில்லாக வளைந்துவிடும்.

நம் நாட்டு வெப்பத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் கிருமிகள் ரத்த அணுக்களைத் தாக்குவதோடு மூட்டு வலியையும் உண்டாக்கலாம். குட்டி நொண்டுகிறது, சோர்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை, உடல் கொதிக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் வளர்பருவ வலி என்று ஒதுக்கிவிட முடியாது. இதையெல்லாம் யோசிப்பதற்கு முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் குத்திய முள்ளோ, பிய்ந்த நகமோ இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது தாத்தாவின் கால்சியம். வளர்ந்த நாயின் குடல், தேவையான அளவுக்குக் கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்குத் தேவையைப் போல மூன்று மடங்கு கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு வலுப்படவில்லை. குருத்தெலும்பு எலும்பாக மாறுவது குழம்பியது, கால்கள் கோணின. பெரிய இனக் குட்டிகளுக்கான தயார் உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் மாத்திரை, பால் பவுடர், எலும்புத்தூள் என்று சேர்ப்பது கெடுதல். மறுபக்கமும் உண்மைதான். வெறும் சோறும் எலும்பு நீக்கிய கோழியும் மட்டுமே சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் போதாது. எலும்பு மெலிந்து முறியும். அப்படி வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும். கைக்கு வந்த அளவில் அல்ல.

சத்தை விட முக்கியமானது எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதை விட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து வளர்த்தார்கள். இரண்டு வயதில் எக்ஸ்-ரே எடுத்தபோது, குறைவாகச் சாப்பிட்டவற்றில் இடுப்புக் கோளாறு கணிசமாகக் குறைந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. நிறையச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, மெலிந்தவற்றுக்கு 13 ஆண்டு. இத்தனைக்கும் ஆய்வை நடத்தியது நாய் உணவு விற்கும் நிறுவனம்! கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் அழகு என்று நமக்குத் தோன்றலாம். விலா எலும்பைத் தடவினால் கையில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அதுதான் சரியான எடை.

நடையைப் பற்றி நார்வேயில் ஓர் ஆய்வு நடந்தது. லாப்ரடோர் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களைப் பிறந்தது முதல் கவனித்தார்கள். மூன்று மாதத்திற்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். அதே வயதில் மென்மையான, மேடு பள்ளமான தரையில் கயிறில்லாமல் தன் விருப்பப்படி ஓடியவற்றுக்குக் குறைவு. ஆகவே பொத்திப் பொத்தி வைப்பதும் தீர்வல்ல. புல்தரையில் விளையாடட்டும், களைத்தால் தானே உட்கார்ந்துகொள்ளும். தார்ச் சாலையில் சைக்கிளோடு ஓட வைப்பதும், மீண்டும் மீண்டும் பந்தைத் தூக்கிப்போட்டுத் துள்ள வைப்பதும் வேண்டாம். நம் வீடுகளில் பளபளக்கும் டைல்ஸ் தரை ஒரு தனிப் பிரச்சினை. குட்டி திரும்பும் இடங்களிலும் சாப்பிடும் இடத்திலும் வழுக்காத ரப்பர் பாய் விரித்தால் கால் விரிந்து சறுக்குவது குறையும்.

நொண்டும் குட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டு போனால் அங்கே நொண்டாது. புதிய இடம், புதிய வாசனை, பரபரப்பு எல்லாம் சேர்ந்து வலியை மறக்க வைத்துவிடும். அதனால் வீட்டில் நொண்டும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நேராக நடத்த, மற்றவர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். முன்னங்கால் வலித்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்கால் என்றால் வலிக்கும் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். எந்தத் தேதி, எந்தக் கால், தூங்கி எழுந்த பிறகா ஓடிய பிறகா என்று நாள்காட்டியில் குறித்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அதுவரை வலி தாங்காமல் தவிக்கிறதே என்று நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையில் புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கும். சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும். பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். நொண்டலால் சாகாத குட்டி மாத்திரையால் சாகக்கூடும். காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும். லேசான நொண்டலாக இருந்தாலும், அதே காலில் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ எக்ஸ்-ரே தேவை.

பக்கத்து வீட்டுக் குட்டிக்கு முதல் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பணம் வீண் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். பேனோஸ்டியைட்டிஸில் நொண்டல் தொடங்கிப் பத்து நாள் வரை படத்தில் எதுவும் தெரியாமல் இருப்பது இயல்பு. ஆனாலும் அந்தப் படம் வீணாகவில்லை. இடுப்பும் முழங்கையும் சரியாக இருப்பதை அது காட்டியது. இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் தொடை எலும்பின் நடுவே புகை படிந்தாற்போல ஒரு வெண்மை இருந்தது. கால்சியம் மாத்திரையை நிறுத்தினார்கள். அதன் பிறகு இரண்டு முறை நொண்டியது, இரண்டு முறையும் வேறு வேறு கால். பதினான்காம் மாதத்திற்குப் பிறகு நொண்டவில்லை. தபால்காரர்தான் பாவம்.