டிரெய்லரில் பிறந்த ஜே.சி.பி.!



ஏரியில் தூர் வாரும்போதும், சாலை போடும்போதும் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று மண்ணை வாரிக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஜே.சி.பி. வந்திருக்குடா!" என்று ஓடிப்போய் வேடிக்கை பார்க்காத பிள்ளைகள் உண்டா?

அந்த மூன்று எழுத்துகளும் ஒரு மனிதரின் பெயர். அவர் முதலில் செய்தது மண் தோண்டும் இயந்திரம் அல்ல. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்! அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1916-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் யுட்டாக்சிட்டர் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் விவசாயக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றிய அவர், திரும்பி வந்து குடும்பத் தொழிலில் சேர்ந்தார். ஆனால் அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை. வெளியே வர வேண்டியதாயிற்று.

வயது 29. மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கையில் வேலை இல்லை. போர் முடிந்த நேரம் என்பதால் இரும்புக்கும் கடும் தட்டுப்பாடு. என்ன செய்வது?

12 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். உங்கள் வகுப்பறையில் பாதிகூட இருக்காது! வாரத்துக்கு 30 ஷில்லிங் வாடகை. அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்படியானால் வாடகை எத்தனை பவுண்டு? ஒன்றரை பவுண்டு என்று சட்டென்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்! பழைய வெல்டிங் இயந்திரம் ஒன்றையும் ஒரே பவுண்டுக்கு வாங்கினார்.

1945 அக்டோபர் 23-ஆம் தேதி தொழிலைத் தொடங்கினார். அன்றுதான் அவருக்கு ஆண் குழந்தையும் பிறந்தது. குழந்தைக்கு அந்தோணி என்று பெயர் வைத்தார்கள்.

குண்டுவீச்சிலிருந்து மக்கள் தப்பிக்கக் கட்டிய பதுங்குமிடங்களின் இரும்புத் தகடுகள் பழைய இரும்பாகக் கிடைத்தன. ராணுவ ஜீப்புகளின் அச்சுகளும் கிடைத்தன. அவற்றை வெட்டி, ஒட்டி, ஒரு டிப்பர் டிரெய்லர் செய்தார். போருக்குப் பயன்பட்ட இரும்பு உழவுக்குப் பயன்பட வந்துவிட்டது!

டிரெய்லரைச் சந்தைக்குக் கொண்டு போனார். அவர் சொன்ன விலை 90 பவுண்டு. வாங்க வந்த விவசாயியோ 45 பவுண்டும், தன்னுடைய பழைய வண்டியும் தருவதாகச் சொன்னார். பாதிப் பணம்தான் கைக்கு வரும். மீதிக்கு ஓட்டை வண்டி! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பாம்ஃபோர்டு ஒப்புக்கொண்டார். பழைய வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து, பழுது பார்த்து, வர்ணம் பூசி அதையும் 45 பவுண்டுக்கு விற்றார். கணக்குப் போடுங்கள். கேட்ட 90 பவுண்டும் கைக்கு வந்துவிட்டது!

எண்ணெயின் பலம்

நம் ஊரில் மாட்டு வண்டியில் எரு ஏற்றிப் போகிறவர்கள், மாடுகளை அவிழ்த்துவிட்டு நுகத்தடியைத் தூக்குவார்கள். வண்டி பின்பக்கம் சாய, எரு கீழே சரியும். மண்வெட்டியால் அள்ளிப் போடும் நேரம் மிச்சம். டிப்பரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் டன் கணக்கில் பாரம் ஏற்றிய இரும்புப் பெட்டியை யார் தூக்குவது?

அங்கேதான் எண்ணெய் வருகிறது. பெட்டியின் அடியில் ஓர் உருளை இருக்கும். அதற்குள் எண்ணெயை அழுத்தி அனுப்பினால், உள்ளே இருக்கும் பிஸ்டன் தண்டு வெளியே நீண்டு பெட்டியைத் தூக்கும். இதற்கு ஹைட்ராலிக் முறை என்று பெயர். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இது பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. சிறிய பிஸ்டனைப் போலப் பத்து மடங்கு பரப்பு உள்ள பெரிய பிஸ்டனில் பத்து மடங்கு விசை கிடைக்கும். ஆனால் அது நகரும் தூரமோ பத்தில் ஒரு பங்குதான். இயற்கை எதையும் இலவசமாகத் தராது!

1948-இல் பாம்ஃபோர்டு ஹைட்ராலிக் டிப்பர் டிரெய்லரைச் செய்தார். அடுத்த ஆண்டு அதே முறையில் டிராக்டரின் முன்பக்கம் மாட்டும் அள்ளுவாளியைச் செய்தார். 1950-இல் ரோஸ்டர் என்ற கிராமத்தில் மூடிக் கிடந்த பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குத் தொழில் இடம் மாறியது. அப்போது அங்கே வேலை செய்தவர்கள் ஆறே பேர்தான்!

1953-இல் நார்வே நாட்டுக்குப் போன பாம்ஃபோர்டு, அங்கே டிராக்டரின் பின்னால் மாட்டும் தோண்டும் கை ஒன்றைப் பார்த்தார். முன்னால் அள்ளுவாளி, பின்னால் தோண்டும் கை. இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்தால்? நாம் இன்று பார்க்கும் ஜே.சி.பி. பிறந்துவிட்டது! பெட்டியைத் தூக்கிய அதே எண்ணெய் உருளைதான் இப்போது மண்ணையும் தோண்டுகிறது.

1964-இல் தொழிலாளர்களுக்கு மொத்தம் இரண்டரை லட்சம் பவுண்டு போனஸ் கொடுத்தார். பண்ணை வண்டி ஒன்றின் மேல் நின்று, தாமே கொடுத்தார். வந்த வழியை அவர் மறக்கவில்லை.

1975-இல் பாம்ஃபோர்டு ஓய்வு பெற்றார். பொறுப்பை ஏற்றவர் யார் தெரியுமா? தொழில் தொடங்கிய அன்று பிறந்த அதே அந்தோணி! 1979-இல் டெல்லிக்கு அருகே உள்ள பல்லப்கரிலும் தொழிற்சாலை வந்தது. 2001-இல் பாம்ஃபோர்டு காலமானார். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது.

வேறு நிறுவனத்தின் இயந்திரத்தைக்கூட நம் ஊரில் ஜே.சி.பி. என்றுதானே சொல்கிறோம்? வேலை இல்லாமல் நின்ற ஒருவரின் பெயர் இன்று ஓர் இயந்திரத்தின் பெயராகிவிட்டது. இனி அது வரும்போது, அந்தக் கையின் மூட்டுகளில் பளபளக்கும் தண்டுகளைத் தூர நின்று கவனியுங்கள்.

செய்து பாருங்கள்: ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று 5 மி.லி., மற்றொன்று 20 மி.லி. இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மெல்லிய குழாயால் இணையுங்கள். நீங்கள் சிறியதை அழுத்துங்கள். உங்கள் தம்பி பெரியதைக் கட்டைவிரலால் தடுக்கட்டும். ஜெயிப்பது யார்?